மூன்றாம் மாடியின் எர்த் கம்பி

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழி என்றால் எனக்குத் தனிப் பாசம். கோவையில் நான் ஒயரிங் செய்த அடுக்குமாடிகளில் எல்லாம் கூடவே நின்று குழி வெட்ட வைப்பேன். கரியும் உப்பும் என் கையாலேயே மாற்றி மாற்றிப் போடுவேன். கோடை வந்தால் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வாட்ச்மேனை நச்சரிப்பேன். குழி நன்றாக இருந்தால் போதும் என்று ஒரு மண்டைக்கனம். அங்கிருந்து மாடிக்கு ஏறும் கம்பியை நான் பெரிதாக நினைத்ததில்லை.

அப்படி நான் ஒயரிங் செய்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு, மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். பொள்ளாச்சியிலிருந்து வந்து குடியேறிய இளம் தம்பதி, என்னோடு நல்ல பழக்கம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அந்தப் பெண் முறுக்கும் காப்பியும் கொடுத்து உபசரித்தாள். தவழ ஆரம்பித்திருந்த பெண் குழந்தை பாயில் கிடந்தது.

கை கழுவ எழுந்தேன்.

"இருங்ணா, இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு சமையக்கட்டுக்குப் போங்க."

செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுகிற ஊர் எங்களுடையது. எதற்கு என்றேன்.

"ஃபிரிட்ஜைத் தொட்டா சுருக்குங்குதுங்க. ரெண்டு மாசமாச்சு. செருப்புப் போட்டா ஒண்ணுந் தெரியறதில்லைங்க."

"ஏனம்மிணி, எனக்கொரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"கல்யாண வேலையா இருப்பீங்க. இதுக்குப் போயி உங்களை எதுக்குங்க தொந்தரவு பண்றதுன்னுட்டு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா? அதற்குள் குழந்தை பாயைத் தாண்டி, சமையலறை வாசலுக்கே வந்துவிட்டது. அவள் ஓடிப்போய் வாரி எடுத்தாள். "இவளைத்தானுங்க கட்டி மேய்க்க முடியறதில்லை" என்று சிரித்தாள்.

முதலில் அந்த வீட்டு மெயினை அணைத்தேன். பிறகு கம்பிகள் ஏறிவரும் பெட்டியைத் திறந்தேன். கரண்ட் வரும் கம்பி பென்சில் கனம். எர்த்துக்கு நான் விட்டிருந்ததோ துணி காயப்போடும் கம்பியைவிட மெலிசு. ரெண்டு மாதம் முன்பு கீசர் ஷார்ட் ஆனதாம். ஷார்ட் ஆனால் சுவிட்ச் விழும்வரை அத்தனை கரண்டும் எர்த் கம்பியில்தான் ஓட வேண்டும். அது தாங்காமல் எரிந்து அறுந்து கிடந்தது. அதன்பிறகு ஃபிரிட்ஜில் கசிகிற கரண்டுக்கு மண்ணுக்கு இறங்க வழியே இல்லை. கீழே மூட்டை மூட்டையாக உப்புப் போட்டு என்ன பிரயோஜனம்?

மறுநாளே ஆட்களோடு போய், எல்லா வீடுகளுக்கும் கரண்ட் கம்பியின் கனத்திலேயே எர்த் கம்பி இழுத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். அதுவும் போதாமல், வெறுங்காலோடு நின்று நானே ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குழந்தை வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதைத் தூக்கிக்கொண்டேன். இறக்கிவிட மனமே வரவில்லை.

"தப்பு என்னோடதுதான் அம்மிணி. மெலிசுக் கம்பியப் போட்டுப்போட்டேன்" என்றேன்.

"அட, உடுங்ணா. நீங்க செஞ்ச லைனுன்னுதானுங்க நானும் பயப்படாம இருந்துட்டேன்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.