மீன் சாப்பிடலாமா

என் பெண்டாட்டி நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்பாள். நான் ஆட்டோ ஓட்டினேன். தொண்ணூறுகளில் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள்.

அடையாறில் ஒரு டாக்டர். புற்றுநோய்க்கு ஊசியும் போடுவார், கூடவே கஷாயம், மூச்சுப் பயிற்சி எல்லாம் கொடுப்பார். கஷாயத்துக்குப் பத்தியம் உண்டு என்றார். மீன் சாப்பிடலாமா என்று இவள் கேட்டாள்.

"சர்க்கரைக்கு மாத்திரை குடுக்கறது உங்க மயிலாப்பூர் டாக்டர்தானே. பெரியவர். அவரைக் கேட்டுக்கோங்க."

மயிலாப்பூர் டாக்டர் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம்.

"கஷாயம் அவர் குடுத்ததும்மா. நான் குறுக்க பேசினா மரியாதையா இருக்காது. அவரையே கேளு."

திரும்ப அடையாறு. திரும்ப மயிலாப்பூர். சொந்த ஆட்டோ, பிழைத்தேன். ஒருவரைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். பதில்தான் சொல்லவில்லை.

பதில் வரும்வரை மீனைத் தொடமாட்டேன் என்று இவள் கஞ்சி குடித்தாள். மீன் இல்லாமல் இவளுக்குச் சோறு இறங்காது. இளைத்தாள். காலையில் தலை சுற்றுகிறது என்றாள். ரத்தம் குறைவு என்று அடையாறில் அடுத்த ஊசியைத் தள்ளிப் போட்டார்கள். ஊசி தள்ளிப் போனால் கட்டி காத்திருக்காது. அது எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் டாக்டர் மீன் வாங்கப் பையோடு வந்தார். எப்போதும் இவளிடம்தான் வாங்குவார். வஞ்சிரத்தைக் காட்டினார்.

"உங்களுக்கு மீன் கெடையாது டாக்டரே."

"ஏம்மா?"

"நீங்க துன்னலாமான்னு உங்க டாக்டராண்ட கேட்டுக்கினு வாங்க."

"நானே டாக்டர்தானேம்மா."

"இங்க மட்டும் தெளிவா சொல்றீங்க. கிளினிக்குல சொல்ல மாட்றீங்களே."

பக்கத்துக் கூடைக்காரி சிரித்துவிட்டாள். டாக்டர் பையை மடித்துக்கொண்டார். பிறகு டெலிபோன் பூத்துக்கு நடந்தார். நாங்களும் போனோம். அடையாறு டாக்டரின் வீட்டு நம்பர் என் சட்டைப்பையில் இருந்தது.

"நீங்க சொல்லுங்க சார். இல்ல சார், நீங்கதான் ஸ்பெஷலிஸ்ட். சேச்சே, நீங்க சொல்லுங்க."

மீட்டர் ஓடியது. பூத்துக்காரர் தலையை நீட்டினார்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்க சார். வெளிய ஆளுங்க நிக்கிறாங்க."

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். அந்தக் கஷாயமும் சர்க்கரையை இறக்குமாம். மாத்திரையும் இறக்கும். தலை சுற்றியது அதனால்தான் இருக்கும் என்றார்கள். கஷாயத்தை நிறுத்தினார்கள். மீன் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். கருவாடு வேண்டாம். இவ்வளவுதான் பதில்.

டாக்டர் திரும்பி வந்து பையை விரித்தார். இவள் அதற்குள் வஞ்சிரத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டிருந்தாள்.

"அது எனக்கு. நீங்க சங்கரா எடுத்துக்கோங்க."

அன்று மதியம் இரண்டாம் தரம் சோறு கேட்டாள். அடுத்த முறை ரத்தம் பார்த்துவிட்டு, சரி, ஊசி போடலாம் என்றார் அடையாறு டாக்டர். ஊசி ஏறும்போது இவளைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க டாக்டருக்கு சங்கராதான் கெடைச்சுதாமே?"