கப்பல் குழாயில் பேசியது யார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சாத்தூரில் சுடுகாட்டை ஒட்டித்தான் கிரிக்கெட் விளையாடுவோம், பந்து உள்ளே விழுந்தால் எடுத்துவரப் போகிறவன் நான்தான். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது, அதனால் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. அண்ணன் போன துக்கத்தில் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம், அதை நானே பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

என்னை ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்தவன் என் அண்ணன் செந்தில். அவன் ஐடியில் இருந்தான், நான் இந்தியன் கடையில் அரிசி மூட்டை இறக்குகிறேன். அண்ணி ரேவதி, அவர்கள் மகள் மித்ரா, நான், எல்லோரும் ஒரே வீடு. மித்ராவுக்கு ஆறு வயது. நாம் தமிழில் கேட்டால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. இங்கே பழைய போர்க்கப்பல் ஒன்று இருக்கிறது, இரண்டு உலகப் போருக்கும் போய்வந்தது. சாத்தூரில் கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவனுக்கு அந்தக் கப்பல் மேல் அப்படி ஒரு ஆசை. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் பியர்லாண்ட் கோவில், மறுநாள் கப்பல். "கிழவியப் பார்த்துட்டு வந்துருவோம், வாங்க" என்பான். வீட்டுக் கிழவியைச் சொல்கிறான் என்று நினைத்து ஒரு சித்தி பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அங்கே போய்விட்டால் அவன் வாயை மூட முடியாது. ஒரு தடவை ஊரிலிருந்து எங்கள் மாமா வந்திருந்தார். "மாமா, மொதப் போருக்குப் போறப்ப இவ கரியில ஓடுனா. உள்ள இருந்து அள்ளி அள்ளிப் போடணும். வடக்குக் கடல் குளிர்ல மாசக்கணக்கா காவல் நின்னா. ரெண்டாவது போர் வர்றப்ப வயசாயிருச்சு, இனிமே இவ எதுக்குன்னாங்க. அப்புறம் பிரான்ஸ் கரையில பட்டாளம் இறங்குன அன்னைக்கு முன்னால நின்னு சுட்டது யாரு? இவதான். அதோட விட்டாங்களா, ஜப்பான் பக்கம் வரைக்கும் இழுத்துட்டுப் போனாங்க."

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி மாப்ள, உள்ள ஏசி கிடையாதா?" என்றார். அண்ணன் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வெயில் வாசனை வருகிறது, சூடான இரும்பும் பெயிண்டும் சேர்ந்த வாசனை. மித்ரா அவன் தோளில் இருப்பாள், அண்ணி புளியோதரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாள், நான் கடைசியில் தண்ணீர் பாட்டிலோடு வருவேன். கிழவியின் அடிப்பாகம் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தபோது, உள்ளே வருகிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ரிப்பேருக்காக கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் லீவு போட்டுக்கொண்டு கரையில் நின்று கையசைத்தான், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவன் மாதிரி.

அதற்குப் பிறகு அவனுக்கு நுரையீரலில் கேன்சர் வந்தது. வந்த பிறகு ரொம்ப நாள் இல்லை, இரண்டு சின்னதாக, ஒன்று நீளமாக என்று அவன் இருமுகிற சத்தம்தான் ராத்திரியெல்லாம் வீட்டில் கேட்கும்.

எல்லாம் முடிகிற வரைக்கும் மித்ராவைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டிருந்தோம். திரும்பி வந்தவள் அப்பா எங்கே என்று கேட்டாள். அண்ணி யோசித்துச் சொல்லவில்லை, நம் ஆட்கள் யாராக இருந்தாலும் வாயில் அதுதான் வந்திருக்கும். "அப்பா ஊருக்குப் போயிருக்காரு கண்ணு."

நமக்கு அது ஒரு பேச்சு. அவளுக்கு ஊர் என்றால் சாத்தூர். அவள் போயிருக்கிறாள், பிளேனில் எவ்வளவு நேரம் என்று தெரியும். ஊரிலிருந்து வீடியோ கால் வரும்போதெல்லாம் மாமாவின் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டி அப்பாவைத் தேடினாள். ஸ்கூலில் அப்பா சம்மருக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் அண்ணிக்கு போன் பண்ணி, இனிமேலும் மறைக்காதீர்கள் என்றார்.

அண்ணி என்னிடம் வந்து நின்றாள். "கார்த்தி, பொய் சொன்னது நான். நானே போய் மாத்திச் சொன்னா இனிமே நான் சொல்ற எதையும் அவ நம்ப மாட்டா. நீயே சொல்லிடுப்பா."

நான் எப்படிச் சொல்வேன், எனக்கு மட்டும் என்ன தைரியம். அந்தச் சமயத்தில்தான் கப்பலில் திரும்பவும் ஆட்களை உள்ளே விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கப்பலில் பித்தளைக் குழாய் ஒன்று உண்டு, வாய் நாதஸ்வரத்தின் அடி மாதிரி விரிந்திருக்கும். மேலே கேப்டன் நிற்கிற இடத்திலிருந்து பேசினால் கீழே இருக்கிறவனுக்குக் கேட்கும், அந்தக் காலத்து இன்டர்காம். அண்ணன் மேலே நிற்பான், மித்ரா கீழே நிற்பாள், இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது, குழாயில் சொல்லிவிட்டு ஓடிவந்து தூக்கிக்கொள்ளலாம் என்று என் புத்திக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம். மித்ரா கீழே குழாய் பக்கத்தில் நின்றாள், கூட்டம் இல்லை, கைடு ஒருவர் அவளோடு நின்றுகொண்டார், வயதான வெள்ளைக்காரர், நல்ல மனிதர். நான் இரும்பு ஏணியில் ஏறி மேலே போனேன். வாயைக் குழாயில் வைத்தேன். 'மித்ரா, அப்பா இனிமே வர மாட்டாரு.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும், கார் ஓட்டிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு எழுத்து வெளியே வரவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "யெஸ்ப்பா."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் இடைவெளி, யாரோ எதையோ கேட்டு முடிக்கிற அளவுக்கு. பிறகு, "நோ, ரெட் ஷூ. அம்மா வாங்கிக் குடுத்தாங்க." திரும்பவும் இடைவெளி. "கீரை பிடிக்கல. ஆனா சாப்பிடுவேன்." முழுசாகத் தமிழில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளை. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. கடைசியில் சின்னக் குரலில், "சரிப்பா. நான் சொல்றேன்."

ஏணியில் விழுந்தடித்து இறங்கினேன், இரும்பில் தலை இடித்தது கூட அப்புறம்தான் தெரிந்தது. மித்ரா நேராக நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"சித்தப்பா, அப்பா ஊர்ல இல்லையாம்."

"யார்டா கண்ணு சொன்னது?"

"அப்பா. வலது பக்கம் தண்ணி ஏத்திட்டாங்களாம். அதான் ரொம்ப தூரம் போக முடிஞ்சுதாம். திரும்பி வர மாட்டாராம்." மக்கு ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "யூ வேர் ரைட் தேர். நீ கேக்கல?"

இது என்ன பேச்சு என்று உங்களுக்குப் புரியாது. பிரான்ஸ் கரையில் சுடும்போது எதிரி உள்ளே தூரமாகப் போய்விட்டான், பீரங்கியை அதற்கு மேல் தூக்க முடியாது. அப்போது அவர்களே கப்பலின் வலது பக்கத்து அறைகளில் தண்ணீரை நிரப்பி, கப்பலையே சாய்த்து, குண்டை இன்னும் தூரமாகப் போக வைத்தார்கள். அண்ணன் இதை உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்துச் சொல்வான், மித்ராவும் கேட்டிருப்பாள். அது வரைக்கும் சரி.

ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலையில் அவனுக்கு வலது நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. அண்ணி வீட்டுக்குப் போயிருந்தாள், நான் மட்டும் பக்கத்தில். என் மணிக்கட்டைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க, "டேய், வலது பக்கம் தண்ணி ஏத்திட்டாங்கடா. இனிமே ரொம்ப தூரம் போலாம்" என்று சொல்லிச் சிரித்தான். சாகப்போகிற மனுஷன் சொன்ன ஜோக்கை யாரிடம் போய்ச் சொல்வது, நான் சொல்லவே இல்லை. அண்ணியிடம் கூட.

அன்று வீட்டுக்கு வந்ததும் மித்ராவே அண்ணியிடம் போய், அப்பா ஊரில் இல்லை, இறந்துவிட்டார் என்று சொன்னாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முதல் தடவையாகச் சேர்ந்து அழுதார்கள். பிறகு அண்ணி என்னிடம், "அவர் எப்பவும் சொல்ற கதைதான கார்த்தி, பிள்ள மனசுல ஒட்டிக்கிச்சு. நீ பக்குவமா எடுத்துச் சொல்லிட்ட" என்றாள். அதற்குப் பிறகு வீடியோ காலில் மித்ரா யார் தோளுக்குப் பின்னாலும் தேடவில்லை.

இதோடு போயிருந்தால் நானும் அண்ணி சொன்னதையே நம்பியிருப்பேன். அண்ணியிடம் ஒன்றைச் சொல்லவில்லை. கப்பலை விட்டு இறங்கும்போது அந்த கைடு என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். என் இங்கிலீஷ் அரைகுறை, அதனால் நிறுத்தி நிறுத்திப் பேசினார். நீங்கள் எந்த பாஷை பேசினீர்கள், குழாயில் குரல் தெளிவாக வந்தது, தன் பேத்தி மாதிரி குழந்தை, அழகாகப் பதில் சொன்னாள் என்றார். 'ஸாப்-டி-யா' என்று முதலில் கேட்டீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்றார்.

சாப்பிட்டாயா என்று கேட்பது, எங்கள் ஆட்கள் போனை எடுத்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்றேன். நான் பேசவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் சிரித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். இந்த வயதில் அதை அலட்சியம் பண்ணாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். எதை என்று விளங்காமல் விழித்தேன். அவர் தன் நெஞ்சைத் தட்டி, குழாயில் கேட்டதை எனக்கு இருமிக் காட்டினார். இரண்டு சின்ன இருமல், ஒன்று நீளமாக இழுத்து, கடைசியில் தொண்டையைச் செருமி.

எனக்கு இருமல் கிடையாது. இப்போதும் கடையில் மூட்டை இறக்கும்போது பின்னால் யாராவது அப்படி இருமினால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வேறு யாராவதுதான் நிற்பார்கள்.