அப்பாவின் கொக்கி ஒலித்த விடியல்

இதைப் படிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் ஆசை எழுந்தால் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் பின்முற்றத்தில், விடிவதற்கு முன் நான் கண்டதை என்னருகே நின்று பாருங்கள்.

பத்து வயதிலேயே நான் பேச்சாளன். பள்ளியில் வென்ற கோப்பைகள் எங்கள் அடுக்களை அலமாரியில் பாத்திரங்களை ஓரந்தள்ளி நின்றன. அக்கா காவலர் பணிக்கான ஓட்டத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருமுறை தோற்றிருந்தாள், வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இனி ஒரே ஒரு வாய்ப்புதான். கிடங்கில் மூட்டை சுமந்த அப்பா, எங்கள் வீட்டை ஒட்டிய அந்த முற்றத்தை விடியலில் அவளுக்குத் திறந்துவிடுவார். சுக்குக்குப் பூசும் சுண்ணாம்புத் தூள் படிந்த தரையில் அவள் வெறுங்காலோடு சுற்றி ஓடுவாள். ஒவ்வொரு சுற்றிலும் அவள் இரும்புக் கதவைக் கடக்கையில், மூட்டை தூக்கும் கொக்கியால் அப்பா அதை ஓங்கித் தட்டுவார். ணங்.

ஆனால் அவளை ஓடவைப்பது என் உரைதான் என்பதில் எனக்கு அன்று சிறிதும் ஐயமிருக்கவில்லை. கைபேசியில் கேட்ட ஊக்க உரைகளுக்கு எதுகை சேர்த்து, படியில் நின்று முழங்குவேன். “எழுக, எரிமலையே, எழுக!” எரிமலை கொட்டாவி விட்டபடி கூந்தலை முடிந்துகொள்ளும்.

“எடா, மைக்கக் கொஞ்சம் குறைச்சு வையி. கிடங்கு எலியெல்லாம் முழிச்சு ஓட வந்துரும்,” என்பார் அப்பா.

எலிகள் வந்தாலும் அது என் நாவின் வெற்றியே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மதியம் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வண்டி ஆஸ்பத்திரியை அடையும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கம்பம் ஊரிலிருந்து பெரியப்பா வரவேண்டும் என்று, வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டியில் அவரை வீட்டிலேயே கிடத்தியிருந்தார்கள். அழுது களைத்த பெண்கள் சுவரோரம் சாய்ந்துகிடந்தார்கள். பெட்டி மட்டும் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் நான் கண் அயர்ந்தேன்.

ணங்.

விழித்தேன். மீண்டும், அதே இடைவெளி விட்டு, ணங். பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பாவின் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன; அந்தக் கைகளால் எதையும் பிடிக்க முடியாது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அவர் வழக்கமாக மாட்டும் ஆணியில் கொக்கி இல்லை.

என் கால்கள் தாமாகவே முற்றத்துக்கு நடந்தன. இருட்டில் இரண்டு வெள்ளைக் கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. முழங்காலுக்கு மேலே ஒன்றுமே இல்லை. அவை கதவை நெருங்கின, இரும்பு அலறியது, கடந்து சென்றன. தெருவிளக்கின் கீற்று விழுந்த இடத்தில்தான், சுண்ணாம்பு அப்பிய அந்தக் கால்களுக்கு மேலே கருநிற உடையும், கொக்கி பிடித்த கையும், என்னைக் காணாத கண்களும் தெரிந்தன. அக்கா.

எனக்குப் பின்னால் அத்தை வந்து நின்றாள். “அப்பன் உள்ள கெடக்கான், இவ இங்க ஓடுறா! மனசுன்னு ஒண்ணு இருக்காடி உனக்கு?”

அக்கா நிற்கவில்லை. அடுத்த சுற்றில் எங்களைக் கடக்கும்போதுதான் பதில் வந்தது. “மனச யாரு கேட்டா, அத்தே? ஓடுற சமயமாயாச்சு.” ணங்.

அன்று நான் ஒரு சொல்லும் முழங்கியிருக்கவில்லை. என் உரையின்றி அவள் ஓடினாள். அப்பாவின்றி இரும்பு ஒலித்தது. இவ்விரண்டில் எது என்னை நடுங்கவைத்தது என்று, எத்தனையோ மேடை ஏறிய பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். தோள்கள் குலுங்கின. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

அப்பாவைக் கொண்டுபோனபின், மாலையில், அவள் கொக்கியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். நான் அதை எடுத்தேன். ஒரு கைக்கு அது கனம். இரு கைகளாலும் பற்றிக்கொண்டு என் பழைய மேடையான படியில் ஏறி நின்றேன். வழக்கமான குரல் வரவில்லை. மழை கொட்டும் என்றோ, தூக்கம் கண்ணை அழுத்தும் என்றோ, துளியும் விருப்பமில்லாத எத்தனையோ விடியல்கள் நான் சொல்லப்போகும் முதல் சொல்லுக்குள் காத்திருக்கின்றன என்றோ நான் அப்போது அறியேன். ஆயினும் உரக்கவே சொன்னேன்:

“தெனமும் நான் தட்டுறேன் அக்கா. நீ ஓடு.”