ரோட்டு உப்பு மார்லிஸ்

மார்லிஸ் ஹகாலாவின் வாழ்க்கையில் உப்பு இரண்டு வகை. ஒன்று, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கவுண்டி அரசாங்க லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பனி உருக ரோட்டில் இறைப்பது. இன்னொன்று, வீட்டு பேஸ்மென்டில் ஈரம் படாமல் மூடி வைத்த வாளியில் இருப்பது. முதல் உப்பு இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் கொடுத்தது. இரண்டாவது உப்பு மரியாதை வாங்கித் தந்தது. ஆனால் அதற்குப் பதினோரு வருஷம் காக்க வைத்துவிட்டது.

டுலூத் ஊர்க்காரர்களான நமக்கெல்லாம் நம் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கப்பல் போகிறது, அலை அடிக்கிறது, புயல் வந்தால் ஆளையே விழுங்குகிறது. கடலுக்கு உண்டான எல்லாம் இருக்கிறது, உப்பைத் தவிர. ஆகவே இங்கே கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடலையே பொடியாக வாங்கிவந்து, வடிகட்டின தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிக் கரைக்கிறவர்கள் ஊரில் ஒரு இருபது பேர் தேறுவார்கள். அவர்களுக்கு ஒரு கிளப். மாதம் ஒரு சனிக்கிழமை லுத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம், தண்ணியாகக் காபி, யாராவது அடுப்பில் சுட்டுக் கொண்டுவரும் ஹாட்டிஷ் என்கிற கலவைச் சாப்பாடு.

அந்தக் கிளப்பில் மார்லிஸ் உப்புக்குச் சப்பாணி. ஐம்பத்தேழு வயது, குட்டையான உருவம், லாரி ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அகன்ற தோள். கூட்டத்துக்கு ஆரஞ்சு நிற வேலைக் கோட்டோடுதான் வருவாள். மற்றவர்கள் பளபளக்கும் விலையுயர்ந்த உப்புகளைப் பற்றி மணிக்கணக்கில் பேச, அவள் வாங்குவதோ கடையில் கீழ்த்தட்டில் கிடக்கும் சாதாரண வாளி. "மார்லிஸ் தொட்டியில ரோட்டு உப்புதான் போடறா" என்று யாரோ ஒருநாள் சொல்ல, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சொன்னவர் யாரென்று மறைப்பானேன்? பல் டாக்டர் ஓரின் ட்வீட்தான்.

ஆனால் அவள் உப்புக் கரைக்கிற அழகைப் பார்த்தவன் அவள் கணவன் வெண்டல் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலை, வாளியைப் படுக்கப் போட்டு பேஸ்மென்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை உருட்டுவாள். பத்து நடை. பிறகு தலைகீழாக்கி இன்னும் பத்து நடை.

"பவுலிங் ஆரம்பிச்சாச்சா?" என்று வெண்டல் மாடிப்படியிலிருந்து கத்துவான். "மேல அலமாரியில கோப்பையெல்லாம் ஆடுது. சூப்புக்கு உப்புப் போடறப்ப இந்தக் கவனமெல்லாம் எங்கடி போவுது?"

"சூப்பு கரிச்சா நீ வாயத் தொறந்து சொல்லுவ. வேணாம்னாலும் சொல்லுவ. பவளம் சொல்லாது, செத்துத்தான் காட்டும்."

உருட்டுவதற்கு அவளிடம் காரணம் இருந்தது. லாரியில் ஏற்றிய உப்பு முப்பது மைல் குலுங்கினால் பொடியெல்லாம் அடியில் இறங்கிவிடும், கல்லெல்லாம் மேலே நின்றுவிடும். ஆலையிலிருந்து கடைக்கு வருகிற வாளியும் அப்படித்தானே குலுங்கி வருகிறது? "மொத மைல்ல விழற உப்பு வேற, கடைசி மைல்ல விழற உப்பு வேற" என்பது அவள் வாய்ப்பாடு. உருட்டி முடித்த பிறகுதான் மூடியைத் திறப்பாள். தண்ணீரில்தான் உப்பைப் போடுவாள், உப்பின்மேல் தண்ணீரை ஊற்ற மாட்டாள். ஊற்றினால் சுண்ணாம்பு திரிந்து பால்போல அடியில் தங்கிவிடும். பம்பு ஓட, தண்ணீர் வெதுவெதுப்பாக, ஒரு முழுநாள் காத்திருந்து, அளந்து பார்த்து, அப்புறம்தான் தொட்டிக்கு.

அந்தத் தொட்டியின் நடுவில் இருந்தது ட்வீட் நீலம். பவளம் யார் தொட்டியில் வளர்ந்ததோ அவர் பெயரைத்தான் அதற்கு வைப்பது இந்த ஆட்களின் வழக்கம். டாக்டர் ஓரின் பத்தொன்பது வருஷமாக வளர்த்த கொத்து அது. கிளைகள் பழுப்பு, நுனிகள் மட்டும் அப்படி ஒரு நீலம். நாலு பேருக்கு அதில் நகத்தளவு ஒடித்துக் கொடுத்தார். மூன்று பேர் கையில் செத்தது. மார்லிஸ் கையில் மட்டும் பதினோரு வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டளவு விரிந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அதிர்ஷ்டம்" என்றார். அதிர்ஷ்டமாம்! ஐந்நூறு ஞாயிற்றுக்கிழமை வாளி உருட்டினால் எனக்கும்தான் அதிர்ஷ்டம் வரும்.

ஜனவரியில் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். உயர்ந்த ரக உப்பை எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய டிரம்மாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். முந்நூறு பவுண்டு, எட்டுப் பேர். "நீங்களும் சேருங்க மார்லிஸ். ஒருதடவையாவது அந்தப் பவளம் நல்லது சாப்பிடட்டும்" என்றார். கூட்டம் சிரித்தது. மார்லிஸும் சிரித்துவிட்டுப் பெயரைக் கொடுத்தாள். நம் ஊரில் வலித்தாலும் சிரிப்பதுதான் மரியாதை.

பங்கு போடும் சனிக்கிழமை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மார்லிஸ் மேட்டுத்தெருக்களுக்கெல்லாம் உப்பு இறைத்துவிட்டு டாக்டர் வீட்டு கராஜுக்கு வந்து சேரும்போது மற்ற ஆறு பேரும் தங்கள் பங்கை வாரிக்கொண்டு போயிருந்தார்கள். டாக்டர் எடுக்கவில்லை. விருந்தாளிகள் எடுத்த பிறகுதானே வீட்டுக்காரர் எடுக்கலாம்? கேக் தட்டில் கடைசித் துண்டை இரண்டாக, நாலாக, எட்டாக நறுக்கிக்கொண்டே போவோமே தவிர, முழுசாக எடுக்கிற துணிச்சல் இந்த மாநிலத்தில் யாருக்கும் கிடையாது. ஆகவே டிரம்மின் அடியில் இரண்டு பங்கு கிடந்தது, ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. எட்டிப் பார்த்தாள். மாவாக இருந்தது.

"டாக்டர், பங்கு போடறதுக்கு முன்னாடி இத உருட்டினீங்களா?"

"இத உருட்ட ஒரு ஹாக்கி டீமே வேணும். ஆலையிலயே சீராக் கலந்து வர்றது மார்லிஸ். இது உங்க ரோட்டு உப்பு இல்ல."

அவள் தன் பங்கைத் தூக்கிக்கொண்டு போனாள். உடனே கரைத்து வைத்தாள். மறுநாள் காலையில் அளந்தாள். உப்பு ஆயிரத்துக்கு முப்பத்தைந்து, கடலைப் போலவே, இம்மி பிசகவில்லை. அடுத்தது காரத்தன்மை. சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எட்டாவது சொட்டில் நீலம் மாறி மஞ்சள் ஆனால் நல்ல தண்ணீர். எட்டு விட்டாள், நீலம். பத்து, நீலம். பதிமூன்றாவது சொட்டில்தான் மஞ்சளானது. குப்பியைக் கழுவி மறுபடி பார்த்தாள். பதிமூன்று. ஒரே மூச்சில் எட்டிலிருந்து பதிமூன்றுக்குத் தூக்கினால் அந்தப் பவளத்தின் தோல் வெந்துபோகும்.

அவள் தொட்டிக்குப் பழைய வாளியில் இன்னும் பாதி இருந்தது. டாக்டருக்கு? உடனே போன் செய்தாள்.

"டாக்டர், அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க."

"மத்தியானம் ஊத்தப்போறேன். அளந்தாச்சு. முப்பத்தஞ்சு, கச்சிதம்."

"உப்பு சரிதான். காரம் ஏறிக்கெடக்கு. எனக்குப் பதிமூணு காட்டுது. ஒரு தடவ சொட்டு விட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேல."

"உங்க மருந்து எந்தக் காலத்து மருந்து மார்லிஸ்?"

"போன மாசம் வாங்கினது."

"நான் பத்தொம்பது வருஷமா ஊத்தறேன்மா" என்றார் அவர், பல் பிடுங்கப் பயப்படுகிற குழந்தையிடம் பேசும் குரலில். "மேட்டுத்தெருவ நல்லா பாத்துக்கிட்டீங்க. இத நான் பாத்துக்கறேன்."

உலகத்தில் அந்த நீலம் இரண்டே தொட்டியில்தான் இருந்தது. அன்று மாலைக்குள் அது ஒன்றேகால் ஆனதற்குச் சமம். டாக்டர் பாதித் தொட்டித் தண்ணீரை மாற்றியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கிளையின் அடியில் தோல் உரிய ஆரம்பித்தது. புதன்கிழமை டாக்டரே கூப்பிட்டார். "உங்ககிட்ட... கரைச்ச தண்ணி ஏதாவது இருக்கா?" பன்னிரண்டு மணிநேரம் லாரி ஓட்டிவிட்டு வந்த மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தன் பவளத்துக்கென்று கரைத்து வைத்திருந்த நாற்பது காலன் தண்ணீரையும் கேன்களில் பிடித்து, பிக்கப் வண்டியில் ஏற்றி, பனியில் ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டுபேரும் சேர்ந்து ஊற்றினார்கள். பயனில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கொத்து முழுக்க எலும்பாக வெளுத்து நின்றது. 'நான் அப்பவே சொன்னேன்' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து விழுங்கிவிட்டாள். அவளுக்கும் அழுகைதான் வந்தது. அவள் பவளத்துக்குத் தாய் அதுதானே.

"கம்பெனிக்காரன் கெட்ட சரக்கு அனுப்பிட்டான்" என்றார் டாக்டர். "எல்லாரையும் கொட்டச் சொல்லப்போறேன்."

"சரக்கு நல்ல சரக்குதான் டாக்டர். பிப்ரவரிக் கூட்டத்துக்கு எல்லாரையும் அவங்கவங்க வாளியோட, கரைச்ச தண்ணியில ஒரு கப்பும் கொண்டுவரச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு அப்புறம் கொட்டலாம்."

கூட்டத்தில் எட்டுக் கோப்பைகள் வரிசையாக நின்றன. கிளப் செயலாளர் பெவ் ஸ்ட்ராம்கிரென் பள்ளிக்கூடச் சமையல்காரி. யார் முதலில் வாரினார், யார் அடுத்து என்று பங்கு போட்ட அன்றே எழுதி வைத்திருந்தாள். அந்த வரிசையில் மார்லிஸ் சொட்டு விட, பெவ் உரக்க எண்ணினாள். முதல் கோப்பை ஆறாவது சொட்டில் மஞ்சளானது. இரண்டாவதும் ஆறு. அப்புறம் ஏழு, ஏழு, எட்டு, ஒன்பது. ஏழாவது கோப்பை மார்லிஸுடையது. பெவ்வின் குரல் பத்துக்கு மேல் தாழ்ந்துகொண்டே போய்ப் பதிமூன்றில் நின்றது. எட்டாவது, கடைசியாக வாரிய டாக்டருடையது, அதுவும் பதிமூன்று.

"ஒரே டிரம்மு, ஒரே உப்பு" என்றாள் மார்லிஸ். "பொடி அடியில எறங்கிடுச்சு, அவ்வளவுதான். மொத மைல்ல விழற உப்பு வேற, கடைசி மைல்ல விழற உப்பு வேற. லாரி ஓட்டறவ யாரக் கேட்டாலும் சொல்லுவா."

பெவ்தான் முதலில் கேட்டாள். "அப்ப இப்ப என்ன பண்றது, ரோட்டு... மார்லிஸ்?"

"எல்லாத்தையும் திரும்ப டிரம்முல கொட்டி உருட்டுங்க."

கொட்டினார்கள். டாக்டர் ஓரின் ட்வீட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மண்டியிட்டு, சர்ச் தரையில் அந்த டிரம்மை முதல் ஆளாகத் தள்ளினார். இருபது நடை. கடகடச் சத்தத்தில் மேலே பாடல் பயிற்சி நின்றுபோய் பாதிரியார் இறங்கி வந்து பார்த்தார். மறுபடி அள்ளிக் கரைத்தபோது எட்டுப் பேர் வீட்டிலும் எட்டாவது, ஒன்பதாவது சொட்டில் மஞ்சளாகியது. டாக்டருக்கு ஒரு துண்டு நீலம் அன்றே தருவதாக மார்லிஸ் சொன்னாள். "மொதல்ல என் தண்ணி ஒழுங்காகட்டும்" என்று அவர் வாங்கவில்லை.

ஏப்ரலில் பவளச் சந்தை. மினியாபொலிஸிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மார்லிஸ் தன் கொத்திலிருந்து பன்னிரண்டு துண்டுகளை ஒடித்துக் கொண்டுவந்திருந்தாள். அன்றைக்கு ஆரஞ்சுக் கோட்டு இல்லை, நல்ல சட்டை. பெயர் அட்டையில் 'ட்வீட் நீலம்' என்று எழுதி மேஜையில் வைத்தாள். டாக்டர் வந்து அட்டையைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் பெயரைத் தானே அடித்தார்.

"என்ன டாக்டர் பண்றீங்க?"

"எந்தத் தொட்டியில உயிரோட இருக்கோ அந்தத் தொட்டிப் பேருதான். வழக்கத்த நான் மாத்த முடியுமா?" என்று சொல்லிவிட்டு, கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: ரோட்டு உப்பு.

வெண்டல் குனிந்து படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். மார்லிஸுக்குக் காது மடல்வரை சிவந்துபோயிற்று. சந்தோஷத்தில் அப்படிச் சிவந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மினியாபொலிஸ்காரர் ஒருவர், "இவ்வளவு அழகான பவளத்துக்கு இப்படி ஒரு பேரா?" என்றார். மார்லிஸ் பதில் சொல்லுமுன் டாக்டரே முன்னால் வந்தார். "இவங்க வச்ச பேர் இல்லீங்க. நான் கேலியா வச்சது. உப்பக் கரைக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் இந்த ஊர்ல இவங்கதான்னு தெரிய எனக்குப் பத்தொம்பது வருஷப் பவளம் ஒண்ணு செலவாச்சு." அதை அவர் அன்று வந்தவர்களுக்கெல்லாம், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் பதினொன்று போய்விட்டது. பன்னிரண்டாவதை ஒருவரும் தொடவில்லை. வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், கடைசி என்று தெரிந்ததும் நகர்ந்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் மூன்றாவது தடவையாக அந்த மேஜைப் பக்கம் வந்து நின்றார். இந்தத் தடவையும் கையை நீட்டவில்லை.

மார்லிஸ் அந்தத் துண்டைத் தண்ணீர்ப் பையோடு எடுத்து அவர் கையில் வைத்தாள். "கடைசி மைலு டாக்டர். யாராவது ஓட்டித்தான ஆகணும்?"

அவர் பையை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தளவு நீலத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தினமும் உருட்டறேன் மார்லிஸ்" என்றார். "பொண்டாட்டி திட்டறா."

"திட்டட்டும்" என்றாள் மார்லிஸ். "பத்து நடை இப்படி, பத்து நடை தலைகீழா. கொறைக்காதீங்க."