துண்டுக்கு அடியில் ஒரு கன்றுக்குட்டி விலை

தேனிச் சந்தையில் மாட்டு விலையை யாரும் வாயால் சொல்லாத காலம் அது. தரகர் நம் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்பார். ஒரு விரல் பத்து ரூபாய். சம்மதமா என்று கேட்க உள்ளங்கையைச் சுரண்டுவார். பெண்கள் துண்டுக்குள் கை நீட்டும் வழக்கமில்லை. அண்ணன் மலைத்தோட்ட வேலைக்குப் போயிருந்ததால், தான் வளர்த்த காளைக்கன்றை விற்க மதினி என்னைக் கூட்டிப்போனார். மழைக்கு முன் கூரை வேய அந்தக் காசை விட்டால் வேறு வழியில்லை.

நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விரல் சுளுக்கிக்கொண்டால்? கை வியர்த்து ஒரு விரல் வழுக்கினால்? பத்து ரூபாய் போய்விடுமே! இப்படி வழியெல்லாம் கவலைப்பட்டவன், உள்ளங்கையைத் தொட்டாலே எனக்குச் சிரிப்பு வரும் என்பதை மட்டும் மறந்துபோனேன்.

தரகர் நடுவில் நின்றார். இடக்கை, கன்றை வாங்க வந்த கம்பம் ஊர்ச் சம்சாரியின் துண்டுக்குள். வலக்கை என் துண்டுக்குள். என் மூன்று விரலைப் பிடித்தார். கட்டை விரலால் சுரண்டினார்.

கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன்.

“என்னப்பா சிரிக்கிற? சம்மதமா, இல்லையா?” என்று மறுபடியும் சுரண்டினார்.

நான் நெளிந்த நெளிப்பில் கன்று மிரண்டது. அதைப் பிடிக்கப் போய், இரண்டு துண்டுகளையும் இழுத்துக்கொண்டு சாணியில் உட்கார்ந்தேன். என் மூன்று விரல் மட்டும் தரகரின் பிடியில் மேலே நின்றது. அந்தப் பக்கம் சம்சாரி, தரகரின் நான்கு விரலைப் பிடித்திருந்தார்.

மதினி எட்டிப் பார்த்தார். “ஏன் தரகரே, அங்கன நாலு, இங்கன மூணு. நடுவுல ஒரு விரலு எங்க போச்சு?”

“அது... தரகு, ஆத்தா.”

“தரகுக்குத்தான் ஒரு ரூவா பேசியாச்சே!”

சம்சாரிக்கு வந்த கோபத்தில் பிடித்த விரலை விடவே தோன்றவில்லை. “நான் குடுக்குறது கன்னு வளத்தவுகளுக்குய்யா. ஒம்ம விரலா புல்லு அறுத்துப் போட்டுச்சு?”

“அண்ணே, வாயாலயே சொல்லுங்க,” என்றார் மதினி.

“நாப்பது!”

பக்கத்தில் ஆடு விற்க நின்ற எங்கள் தெருப் பெண்களுக்கும் அது கேட்டது. அந்த வாரம் முதல் அவர்கள் சந்தைக்குச் சேர்ந்தே போனார்கள். விலையை உரக்கச் சொன்னவருக்குத்தான் விற்றார்கள். தரகருக்கும் பேசிய கூலி குறையவில்லை.

கூரை வேய்ந்து முடித்த அன்றே, காற்றுக்குப் பறந்துவிடுமோ என்றேன்.

“அப்படின்னா மேல ஏறி உக்காந்துக்கங்க, கொழுந்தனாரே,” என்றார் மதினி.