பூஜ்யமாகாத மீதி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘ரெண்டாந்தரம்’ என்று பட்டப்பெயர். சந்தேகம் தட்டிய எந்த முடிவையும் இரண்டாம் தரம் பார்க்காமல் வெளியே விடமாட்டாள். பெயரின் இன்னொரு அர்த்தம் புருஷனுக்குக் கடுப்பாக இருக்கும். அவள் சிரித்துவிடுவாள்.

வீட்டில் அவளுக்கு வேறொரு பித்து. தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்களில் பெரிதிலும் பெரிதைத் தேடும் கூட்டமொன்றில் சேர்ந்திருந்தாள். இரண்டைக் கோடிக்கணக்கான தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற மாதிரியான எண்கள். எழுத உட்கார்ந்தால் ஆயுசு போதாது. ஆளுக்கொன்றாக எடுத்து வீட்டுக் கணினியில் ஓடவிடுவார்கள். சின்ன எண் ஒன்றை வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்ய வேண்டும். வாரக்கணக்கில் ஓடும். கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் அதற்கப்புறம் வருவதெல்லாம் குப்பை. பார்த்தால் தெரியாது.

கணினி படுக்கையறை மூலையில் இரைந்துகொண்டிருந்தது. ராத்திரி லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கும் புருஷன், ஒரு கோடையில் அதன்மேல் போர்வையைப் போட்டுவிட்டுப் படுத்தான். அவள் வேலை முடிந்து வந்து தொட்டால் அடுப்பாகக் கொதித்தது. அந்த வாரமே முடிவு வந்தது: மீதி பூஜ்யமில்லை. எப்போதும் வருவதுதான். அடுத்த எண்ணை எடுத்துக்கொண்டாள்.

வருஷங்கள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர், போர்வை போட்ட வாரம் முடிந்த அந்த எண்ணை மறுபரிசோதனை செய்தார். மீதி பூஜ்யம். செய்தித்தாள்வரை வந்தது. முந்தைய சோதனை இயந்திரக் கோளாறால் பிசகியது என்று ஒரு வரி இருந்தது. யாருடைய இயந்திரம் என்று போடவில்லை.

கண்டுபிடித்தவள் என்ற பெயர் கைநழுவியதை இரண்டு நாளில் விழுங்கிக்கொண்டாள். அந்த ஒரு வரிதான் தொண்டையில் நின்றது. கூடத்தில் எல்லாவற்றையும் மூன்றாம் தரம், நான்காம் தரம் பார்க்கத் தொடங்கினாள். முடிவுகள் தாமதமாயின. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளியைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததும், தலைமை மருத்துவர் அவளை ரத்தம் எடுக்கும் இடத்துக்கு மாற்றினார்.

“அந்தப் போர்வையாலயா?” என்று புருஷன் ஒருநாள் கேட்டான்.

“தெரியல. சிப்பே கெட்டுப்போயிருக்கலாம். கரண்டு ஏறி இறங்கியிருக்கலாம்.”

“நாலு வார்த்தை திட்டிடேன்.”

“தெரியாததுக்கு எப்படிங்க திட்டறது?”

அவன் தலையைச் சொறிந்தான். “அது அப்பவும் பகா எண்தானே? நம்ம மிஷின் தப்பாச் சொன்னதால அதுக்கொண்ணும் ஆகலையே.”

“அதுக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள். “எனக்குத்தான் எதையும் நம்ப முடியல.”

மறுநாள் அவனே கணினியைப் படுக்கையறையிலிருந்து முன்னறைக்குத் தூக்கிவந்து வைத்தான். அந்தக் கோடையில் ஓடிய எண்களையெல்லாம் அவள் திரும்ப ஓடவிட்டாள். முதலாவது பழைய மீதியோடு அப்படியே ஒத்துப்போனது. சந்தோஷம் வருமென்று கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதையே இன்னொருமுறை ஓடவிட்டாள்.