அண்ணன் பெயர் இல்லாத பத்திரம்

அப்பா உயில் எழுதப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பத்திரம் எழுதிப் பதிகிறவரைப் புதுச்சேரியில் நாங்கள் நொத்தேர் என்போம். அவரும் நம்மவர்தான், தமிழர். ஆனால் வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார்.

"மகன் பேரு இதுல வரக்கூடாது முசியே. வீடு முழுக்க என் மகளுக்கு" என்றார் அப்பா.

"நீங்க ரெனோன்சான் குடும்பமாச்சே?" என்றார் நொத்தேர்.

நம்மவர் வழக்கத்தை விட்டுவிட்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர். தாத்தா காலத்தில் எழுதிக்கொடுத்தது. அதை வைத்துத்தான் அப்பா சைகோன் போய், சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு திரும்பி வந்தார். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு கட்டினதும் அந்தச் சம்பாத்தியத்தில்தான்.

"அந்தச் சட்டத்துல பெத்த பிள்ளைய அடியோட நீக்க முடியாது" என்றார் நொத்தேர். "ரெண்டு பிள்ளைங்கன்னா ஆளுக்கு மூணுல ஒரு பங்கு கட்டாயம். மிச்சம் இருக்கற ஒண்ணைத்தான் நீங்க இஷ்டப்படி எழுதலாம்."

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "வித்தா?" என்றார். "உயிரோட இருக்கும்போதே என் மகளுக்கு வித்துட்டா?"

நொத்தேர் என்னைப் பார்த்தார். என் சம்பளத்தில் அந்த வீட்டின் கதவைக்கூட வாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். "பணம் வாங்கியாச்சுன்னு நீங்க சொன்னா, எனக்கு முன்னால இல்ல, வெளியிலயே கைமாறிச்சுன்னு எழுதிக்குவேன். அதுக்கு மேல நான் கேக்கறதில்ல" என்றார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய்க் கையெழுத்துப் போட்டேன். அப்பா கேட்டதால் போட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிவந்திருக்கிறேன். வீடு கிடைக்கிறதே என்ற நினைப்பு எனக்கு இல்லாமல் இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஒரு கூரை என்றால் என்ன என்று அந்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் செய்த குற்றம் இதுதான். பதினெட்டு வயதில் அவனை சைகோனுக்குக் கூட்டிப் போனவர் அப்பா. இவர் திரும்பினார், அவன் அங்கேயே உத்தியோகத்தில் இருந்துவிட்டான். முதலியார்பேட்டையில் தன் சிநேகிதர் மகளை அவனுக்குப் பேசி முடித்து, வாக்கும் கொடுத்துவிட்டு, புறப்பட்டு வரச்சொல்லி அப்பா கடிதம் போட்டார். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. அந்த நாட்டுக்காரியான ஒரு அனாமியப் பெண், மடியில் குழந்தை, பக்கத்தில் அண்ணன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, சொல்லத் தைரியம் வரவில்லை என்று எழுதியிருந்தான். அடுத்த மாதம் அம்மா இறந்துபோனாள். அம்மாவுக்கு நான்கு வருஷமாக நெஞ்சு நோய். டாக்டர் நாள் குறிக்காத குறைதான். ஆனால் அப்பா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். "அவளைக் கொன்னது அவன்தான்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

பத்திரம் பதிந்து ஒன்றரை வருஷத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மத்தியானம் ஓடிவந்து மறுபடியும் துணி மாற்றுவேன். சாயங்காலம் துவைப்பேன். மழைக்காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்பேன். வீடு முழுக்க அந்த வாடை இருக்கும். உதவிக்கு வந்த ஒரு அம்மாள் பத்து நாளில் நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிடுவேன்.

ஒருநாள் காலையில் அப்பா இடது கையால் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைக் காட்டினார். திறந்தேன். பத்திரத்தை எடுக்கச் சைகை காட்டினார், எடுத்தேன். பிறகு அண்ணன் அனுப்பின போட்டோ. நான் அதை அவருக்குத் தெரியாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. போட்டோவை எடுத்துப் பத்திரத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "நொ... நொ..." என்றார்.

எனக்குப் புரிந்தது. முதல் பார்வையிலேயே புரிந்தது.

"நாளைக்கு நொத்தேர்கிட்ட போலாம்பா" என்றேன்.

மறுநாளும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றேன். நான்கைந்து நாள் கழித்து இன்னொரு தரம் கேட்டார். அன்றைக்குச் சுவரில் தொங்கிய தன் கோட்டைக் காட்டினார், போட்டுவிடச் சொல்லி. "என்னப்பா சொல்றீங்க, எனக்குப் புரியலையே" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் கேட்கவில்லை. ஏழு வாரத்தில் இறந்துபோனார்.

தந்தி கொடுத்தும் அண்ணன் வந்துசேர மூன்று மாதம் ஆனது. தனியாகத்தான் வந்தான். படகிலிருந்து கடல் பாலத்தில் ஏறியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்தலை வழுக்கை, அப்பாவின் நடை. உப்பளம் கல்லறைக்குப் போய்வந்தோம். இரண்டு நாள் அவன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். கள்ள விற்பனையையும், போட்டோவையும், புரியவில்லை என்று நான் சொன்னதையும்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "போட்டோவத் தொட்டாரா?"

"கைய வெச்சி அழுத்தினார்."

"அது போதும் எனக்கு" என்றான். "வீட்ட நீயே வெச்சிக்கோ. நீதான அவரத் தூக்கி எடுத்தே. நான் என்ன செஞ்சேன்?"

அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இவன் நல்லவனாகிவிட்டான், நான் என்ன ஆவேன் என்று இருந்தது.

மறுநாள் காலையில் காபி கொண்டுபோனேன். அவன் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. காபியை வாங்காமல் சொன்னான்: "ஆள் தள்ளற புஷ் வண்டி ஒண்ணு கூப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நாலு தெரு தாண்டி நொத்தேர் வீடு. மூணு தரம் கேட்டிருக்கார் மனுஷன். பேச முடியாம கேட்டிருக்கார்."

"தெரியும்" என்றேன்.

"வீட்டுக்காகவா?"

"தெரியலண்ணா. அவருக்குக் கோட்டு மாட்டி, வண்டியில ஏத்தி, அங்க இறக்கி, நடுவுல துணி நனைஞ்சா என்ன செய்யறதுன்னு நினைச்சேன். அது மட்டும்தானான்னு கேட்டா, என்னால சத்தியம் பண்ண முடியாது."

இன்றைக்குக் கேட்டாலும் இதே பதில்தான். அலுப்பு எங்கே முடிந்தது, ஆசை எங்கே தொடங்கியது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அன்றைக்கே நொத்தேரிடம் போகலாம் என்றேன். அவன் வேண்டாம் என்றான். "உனக்காக இல்ல, எனக்காக வா" என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டான். நொத்தேர் பழைய பத்திரத்தைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாதி வீட்டை அண்ணனுக்குத் தானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் பத்திரத்தைப் பொய்யாக எழுதினோம். பொய்யைத் திருத்த, வாங்காத வீட்டில் பாதியைத் தானம் கொடுப்பதாக இன்னொன்று. வெளியே வந்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். கால் வலித்தது, அவ்வளவுதான்.

"என் பொண்ணு என்னைக்காவது வந்தா, தங்க ஒரு அறை இருக்கும்" என்றான் அண்ணன். அந்தக் குரலில் கோபம் குறைந்திருந்தது. முழுக்கப் போயிருந்தது என்று சொல்லமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவனுக்குக் கப்பல். அன்று மத்தியானம் சோறாக்கிப் போட்டேன். வழிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தேன். பாலம் வரைக்கும் வருகிறேன், சேலை மாற்றிக்கொள்கிறேன் என்று உள்ளே போனவள், அப்பாவின் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே சாய்ந்து தூங்கிவிட்டேன். அவன் என்னை எழுப்பவில்லை. விழித்தபோது வெளிச்சம் குறைந்திருந்தது. என்மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. வாசல் கதவு வெளியிலிருந்து சாத்தியிருந்தது.